பனைமரத்தாருக்குப் போட்ட நாற்காலி

ஜெர்மனியில் இறங்கியதும் நான் முதலில் கவனித்தது நாற்காலிகளைத்தான். விமான நிலையத்தில் எல்லாவற்றையும் ஒரே இரும்புச் சட்டத்தில் சேர்த்து முடுக்கியிருந்தார்கள். ஒன்றைக்கூட அரை அடி நகர்த்த முடியாது. காஞ்சிபுரத்தில் இருபத்தெட்டு வருஷமாகச் சாமியானா, மேடை, நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான். புது ஊருக்குப் போனால் மற்றவர்கள் கட்டடத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இங்கே எத்தனை பேரை உட்காரவைக்கலாம் என்றுதான் புத்தி ஓடும்.

போனது என் மகள் வினோதினிக்காக. அவள் அங்கே ஒரு பழைய பல்கலைக்கழகத்தில் ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. நான் அங்கே செய்துவிட்டு வந்த வேலையைப் படித்தால் ஏன் சொல்லவில்லை என்று உங்களுக்கே விளங்கும். பல்கலைக்கழகத்துக்கு வயது அறுநூறுக்கு மேல். அவள் ஆராய்ந்தது அதன் ஆரம்ப கால வரலாற்றை. குறிப்பாக, அந்தக் காலத்தில் அங்கே யார் எந்த இடத்தில் உட்கார்ந்தார்கள், ஊர்வலத்தில் யார் முன்னால் நடந்தார்கள் என்பதை.

"நாற்காலியப் பத்திப் படிக்க ஜெர்மனிக்கா போவணும்? நம்ம குடோன்லயே அடுக்கி வெச்சிருக்குதேமா" என்று அன்றைக்குக் கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது ஆராய்ச்சி நூலை எழுதி முடித்துவிட்டாள். பேராசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு மட்டும் பாக்கி. யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து பார்க்கலாமாம். என் வீட்டுக்காரி செல்விக்கு விமானம் என்று சொன்னாலே தலை சுற்றும். ஆகவே நான் மட்டும் கிளம்பினேன், பெட்டியில் பாதிக்குக் கோயில் இட்லியோடு. மிளகும் சீரகமும் சுக்கும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்தது. மூன்று நாளானாலும் கெடாது. என்னைவிட அது நல்ல நிலையில் போய்ச் சேர்ந்தது.

முதல் நாள் ரயிலிலேயே தொலைந்துபோனேன். விமான நிலையத்துக்கு வந்து என்னை அழைத்துக்கொண்ட வினோதினி, ரயிலில் சன்னலோரம் உட்காரவைத்துவிட்டுக் கண்ணயர்ந்தாள். பின்னால் ஒரு பெட்டி காலியாக இருக்கிறதே, காலை நீட்டலாமே என்று நான் போய் அங்கே உட்கார்ந்தேன். ஏதோ ஒரு நிலையத்தில் ஒலிபெருக்கியில் நீளமாக அறிவித்தார்கள். எனக்கென்ன தெரியும்? அங்கே சில ரயில்கள் பாதி வழியில் இரண்டாகப் பிரியுமாம். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி வேறு ஊருக்கு. என் மகள் முன்பாதியில் போய்விட்டாள். நான் பின்பாதியில் மாடுகளைப் பார்த்துக்கொண்டு போனேன்.

எதிரில் நாயோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். மகளின் ஊர்ப் பெயரை எழுதிய சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். கன்னத்தில் கைவைத்தால் என்ன அர்த்தம் என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. அடுத்த நிலையத்தில் என்னோடு தானும் இறங்கி, எதிர் நடைமேடைக்குக் கூட்டிப்போய், வந்த ரயிலில் ஏற்றி, அதன் கண்டக்டர் பெண்ணிடம் என்னை ஒரு பார்சலைப் போல ஒப்படைத்துவிட்டுப் போனார். நாய்க்கும் டிக்கெட் வைத்திருந்தார். அந்த நாய் என்னைவிட விவரமானது என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

வினோதினி நிலையத்தில் நின்றிருந்தாள். "ஏம்பா, அரக்கோணத்துல எஞ்சின் மாத்தும்போதுகூட இறங்காம இருப்பியே, இங்க வந்து இன்னா வேல பாக்கிற?" என்றாள். திட்டினாலும் நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் எனக்குக் குளிர்கூடக் குறைந்தது.

அன்று மாலை அவள் அறையில் இட்லியைச் சூடாக்கிச் சாப்பிட்டபடி நிலவரத்தைச் சொன்னாள். நூலை இரண்டு பேராசிரியர்கள் படித்து அறிக்கை கொடுத்திருந்தார்கள். அவளுடைய வழிகாட்டி அம்மாள் பாராட்டி எழுதியிருந்தார். இன்னொருவர் வெளியூர்ப் பேராசிரியர். அவர், உட்காரும் இடத்துக்கும் நடக்கும் வரிசைக்கும் இந்தப் பெண் இல்லாத பெருமையைக் கற்பிக்கிறாள் என்று எழுதிவிட்டார்.

"நாளான்னிக்கு அவரும் வராரு. அவருக்கு நான் பதில் சொல்லித் தேறணும். இல்லன்னா இன்னும் ஒரே ஒரு தடவ குடுப்பாங்க. அதுக்குள்ள என் விசா முடிஞ்சிடும்பா."

"தேறிட்டா?"

"வடக்க ஒரு ஊர்ல வேல இருக்குது. அடுத்த மாசமே சேரணும்."

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தேறாவிட்டால் பெண் வீட்டுக்கு வந்துவிடுவாளே என்று மனசின் ஒரு மூலையில் ஓர் எண்ணம் எட்டிப்பார்த்தது. எனக்கே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அது போகவில்லை. இன்னொரு இட்லியை எடுத்துத் தின்றேன்.

இரண்டாம் நாள் காலை ரொட்டி, பாலாடைக்கட்டி, மறுபடியும் ரொட்டி. மதியம் வெள்ளை வெளேரென்று முருங்கைக்காய் நீளத்தில் ஒரு தண்டை வேகவைத்து வெண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்கள். அந்த மாதத்தில் ஊரே அதற்குப் பைத்தியமாக அலைகிறது. கடித்தேன். உப்பு, காரம், புளிப்பு எதுவும் தன்னை அண்டவிடாமல் வளர்ந்த காய். மேசையில் மிளகுத்தூள் இருந்ததால் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு பல்கலைக்கழகத்தைச் சுற்றிக் காட்டினாள். சுற்றுமதில் இல்லை, வாசல் வளைவு இல்லை. ஊருக்குள்ளேயே தெருத்தெருவாகக் கலந்து கிடக்கிறது. ஒரு மாடியில் மாணவர்களுக்கென்றே ஒரு சிறை. ஊர்க் காவலர்கள் மாணவன்மேல் கைவைக்க முடியாதாம். பல்கலைக்கழகமே விசாரித்து அடைக்குமாம். உள்ளே கிடந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. சுவர் முழுக்கப் படம், பேர், பாட்டு. நம் ஆட்கள் மலைக்கோட்டையில் இதயம் வரைந்து அம்பு விடுவதைப் பற்றி இனிமேல் நான் குறை சொல்வதாக இல்லை.

இன்னும் ஒன்று சொன்னாள். ஆரம்ப காலத்தில் விடுதியில் சாப்பிடும்போதுகூட லத்தீனில்தான் பேச வேண்டும். தாய்மொழியில் பேசுகிறவனைக் காட்டிக்கொடுக்க மாணவர்களிலேயே ஒருவனை ரகசியமாக வைத்திருப்பார்கள். அவனுக்கு ஓநாய் என்று பேர். "நீ படிச்ச இங்கிலீஷ் மீடியத்துல இருந்தாளே, ஒரு கிளாஸ் லீடர்" என்றேன். "அவளேதான்" என்றாள்.

புதிதாகச் சேர வருகிறவனுக்குத் தலையில் கொம்பு கட்டி, இவன் இன்னும் காட்டு மிருகம் என்று கேலி பண்ணி, கொம்பை ரம்பத்தால் அறுத்துத்தான் மாணவனாகச் சேர்த்துக்கொள்வார்களாம். ஊரில் கொள்ளைநோய் வந்தால் ஆசிரியர், மாணவர் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு, நோய் அடங்கியதும் திரும்பி வருவார்களாம். இத்தனையும் எழுதிவைத்த புத்தகங்கள் பத்திரமாக இருக்கின்றன. நம் காஞ்சிபுரத்திலும் பல்லவர் காலத்தில் கடிகை என்று பெரிய கல்விக்கூடம் இருந்தது என்பார்கள். அது இருந்த இடம் இதுதான் என்று கைநீட்டிக் காட்ட இன்று ஒரு சுவர் இல்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கடைசியாக ஒரு பழைய தேவாலயத்தின் முன் நிறுத்தி, அவள் நூலுக்கு உயிரான கதையைச் சொன்னாள். திருநாள் அன்று பல்கலைக்கழகமே வரிசையாக இதற்குள் போகும். முன்னால் தலைவர், பிறகு சமயம் கற்பித்தவர்கள், பிறகு சட்டம், மருத்துவம், கடைசியில் இலக்கணம், தர்க்கம் போன்ற அடிப்படைக் கலைகளைக் கற்பித்தவர்கள். ஒரு வருஷம் அந்தக் கடைசி வகுப்பைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர், தன்னைவிட இளைய சட்டக்காரனுக்குப் பின்னால் தன்னை நிறுத்தினார்கள் என்று கோபித்துக்கொண்டு பாதியில் வெளியே போய்விட்டார்.

"அடுத்த வருஷம் அவருக்கு முன்னால இடம் குடுத்திருப்பாங்களே" என்றேன்.

வினோதினி நின்றுவிட்டாள். "உனக்கு எப்டிப்பா தெரியும்? அத நான் எட்டு மாசம் தேடிக் கண்டுபிடிச்சேன்."

"இது இன்னாமா பெரிய விசயம். யாரு கோச்சிக்கினு எழுந்து போவாரோ அவருக்குத்தான் நல்ல நாற்காலி போடணும். வாலாஜாபாத் ரிசப்ஷன்ல பொண்ணோட பெரிய மாமன் நாற்காலியில துண்டு போடலன்னு பந்தியில உக்காராம போனாரே, மறந்துட்டியா? அதுலர்ந்து எந்த விசேசத்துலயும் முதல்ல அவருக்குத்தான் துண்டு."

அவள் சிரித்து ஓய்ந்ததும் ஒரு நிபந்தனை போட்டாள். "நாளைக்கு நீ வந்து உக்காரலாம். ஆனா வாயத் தொறக்கக் கூடாது. கையும் ஆட்டக் கூடாது."

சரி என்றேன். நாற்காலியைத் தொடக்கூடாது என்று அவள் சொல்லவில்லை.

மூன்றாம் நாள். பட்டு வேட்டி கட்டி, மேலே ஜெர்க்கின் போட்டுக்கொண்டு அவளோடு சீக்கிரமே போய்விட்டேன். பழைய மண்டபம்; மரச்சுவர், உயரமான சன்னல். அவள் ஏதோ தாளை அச்செடுத்துவர ஓடினாள். நான் தனியாக நின்றேன். முன்னால் ஒரு மேசை, பின்னால் மூன்று சாதாரண நாற்காலிகள். பார்வையாளர் வரிசையோ கோணல்மாணல். என்னால் தாங்க முடியவில்லை. வரிசையை நூல் பிடித்தாற்போல நேராக்கினேன்.

சுவரோரம் முதுகு உயர்ந்த, கைப்பிடியில் பூ செதுக்கிய ஒரு நாற்காலி கிடந்தது. பார்த்ததுமே அது தலைமை விருந்தினர் நாற்காலி என்று தெரிந்துவிட்டது. மேசைக்கு நடுவில் இருந்த நாற்காலியை எடுத்துக் கடைசி வரிசையில் போட்டுவிட்டு இதை அங்கே வைத்தேன். என் பையில் எப்போதும் வெள்ளைத் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று புதிதாக இருக்கும். அதை உதறி அதன் முதுகில் பாந்தமாகப் போட்டேன். வெளியூர்ப் பேராசிரியர் இதில் உட்கார்ந்தால் மனசு குளிர்ந்துவிடும் என்று கணக்கு.

பார்வையாளர்கள் வந்தார்கள், முப்பது பேர் இருக்கும். என் பக்கத்தில் வினோதினியோடு படிக்கும் சைலஜா உட்கார்ந்தாள். சித்தூர்ப் பெண். தெலுங்கு பேசும் நெசவாளர் வீடுகளுக்கு நடுவில் வளர்ந்த எனக்கு அந்த மொழி தண்ணீர்பட்டபாடு என்பதால், உள்ளே நடப்பதை அவள்தான் எனக்குக் கிசுகிசுப்பாகச் சொல்ல ஏற்பாடு.

மூன்று பேராசிரியர்கள் வந்தார்கள். தேர்வுக்குத் தலைமை தாங்கும் ஒரு பெரியவர், வழிகாட்டி அம்மாள், அப்புறம் அந்த வெளியூர்க்காரர். பனைமர உயரம். மனசுக்குள் பனைமரத்தார் என்று பேர் வைத்துவிட்டேன். மூவரும் துண்டைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரும் அம்மாளும் ஆளுக்கொரு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பனைமரத்தார் என் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், சன்னலைத் திறக்க ஏறி நிற்கும் ஒரு குட்டை முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் காதைத் தொட்டன.

"ஏன் அதில் உட்காரவில்லை?" என்று சைலஜாவிடம் கேட்டேன்.

"துண்டு போட்டா, யாரோ இடம் பிடிச்சிருக்காங்கன்னு அர்த்தம் அங்கிள். இங்க மத்தவங்க தொடமாட்டாங்க. யாரு போட்டாங்களோ!"

எனக்கு வேர்த்துவிட்டது. எழுந்து போய்ச் சொல்லிவிடட்டுமா என்றேன். "ஊருகோண்டி அங்கிள், ஊருகோண்டி" என்று என் கையைப் பிடித்து அமுக்கினாள். சும்மா இருங்கள் என்று அர்த்தம். அதற்குள் வினோதினி வந்துவிட்டாள். துண்டைப் பார்த்தாள். முக்காலியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பத்தாவது வகுப்பில் அவளுடைய பள்ளி விழாவுக்கு நான் லுங்கியோடு நாற்காலி இறக்க வந்தபோது பார்த்த அதே பார்வை. நான் தரையைப் பார்த்தேன்.

அரை மணி நேரம் பேசினாள். ஜெர்மன் எனக்குப் புரியாது; ஆனால் தடுமாறாமல் பேசுகிறாள் என்பது புரிந்தது. தலைவரும் அம்மாளும் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னாள். பிறகு பனைமரத்தார் முக்காலியில் ஒருமுறை நெளிந்துவிட்டு ஆரம்பித்தார். சைலஜா கிசுகிசுத்தாள்: "அந்த ஆசிரியர் கோபத்தில் போனார் என்கிறீர்கள். அவருக்கு வயிற்றுவலியாக இருந்திருக்கலாம். உட்காரும் இடம் என்பது வெறும் இடம். அதை எல்லாரும் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?"

வினோதினி டம்ளரை எடுத்தாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். போச்சு, என்னால்தான் போச்சு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குள் அந்த மூலை எண்ணம் மருந்துக்குக்கூட இல்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

டம்ளரை வைத்துவிட்டு, முதலில் எட்டு மாதம் தேடிய சான்றைச் சொன்னாள். அடுத்த வருஷத்து ஏட்டில் அதே ஆசிரியர் இரண்டு வரிசை முன்னால் ஏற்றப்பட்டிருக்கிறார். வயிற்றுவலிக்காரருக்கு யாரும் இடத்தை உயர்த்திக் கொடுப்பதில்லை. அப்புறம் என் நாற்காலியைக் கைகாட்டினாள்.

"இந்த மண்டபத்திலேயே நல்ல நாற்காலி அதுதான். ஒரு மணி நேரமாகக் காலியாக இருக்கிறது. உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை, எந்தச் சட்டமும் இல்லை. ஒரு துண்டு கிடக்கிறது, அவ்வளவுதான். அதற்காக நீங்கள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். இடம் என்பது வெறும் இடம் என்றால், ஏன்?"

பனைமரத்தார் துண்டைப் பார்த்தார். "யாருடையது அது?" என்றார்.

"என் அப்பாவுடையது. எங்கள் ஊரில் அவர் விழாக்களுக்கு நாற்காலி போடுகிறவர். அங்கே துண்டு போட்டால் பெரிய மனிதர் வந்து உட்காருங்கள் என்று அர்த்தம். அது உங்களுக்காகப் போட்டது."

"எனக்கா? தலைவருக்கல்லவா போடவேண்டும்?"

"கோபித்துக்கொண்டு எழுந்து போகக்கூடியவருக்குத்தான் நல்ல நாற்காலி என்பது அவர் தொழில் முறை. அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பல்கலைக்கழகத்தின் முறையும் அதுதான் என்று என் மூன்றாம் அத்தியாயம் சொல்கிறது."

முதலில் சிரித்தவர் பனைமரத்தார். முக்காலி பின்னால் சாயும் அளவுக்குச் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. கை ஆட்டக்கூடாது, வாய் திறக்கக்கூடாது என்பது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது.

முடிவெடுக்க எங்களை வெளியே அனுப்பினார்கள். நடைபாதையில் அவளும் நானும் நின்றோம்.

"கோவமாம்மா?" என்றேன்.

"உள்ள நுழைஞ்சப்போ உன்ன அப்டியே தூக்கிப் போடலாம்னு இருந்துச்சிப்பா. இப்போ தெரியல. அவங்க சொல்லட்டும், அப்புறம் சொல்றேன்."

கதவு திறந்தது. லத்தீனில் ஏதோ இரண்டு மூன்று வார்த்தை சொன்னார்கள். சைலஜா என் தோளில் ஓங்கி அடித்தாள், அதில் தெரிந்துகொண்டேன். மிகுந்த பாராட்டோடு தேறியிருக்கிறாள். பனைமரத்தார் என்னிடம் வந்து கைகொடுத்தார். தன் அறிக்கையில் எழுதியதில் ஒரு பக்கம் தவறு, அதை எழுத்திலேயே திருத்தித் தருவதாகச் சொன்னாராம். நூல் அச்சாகிச் சான்றிதழ் கைக்கு வரும்வரை டாக்டர் என்று போட்டுக்கொள்ளக்கூடாது என்றும் எச்சரித்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரான முசரவாக்கத்தில் இருந்த செல்வியிடம் போனில் சொன்னேன். "அதெல்லாம் அந்த ஊர் ரூல்சு, முசரவாக்கத்துக்குச் செல்லாது" என்று சொல்லிவிட்டாள். பின்னணியில் அதற்குள் யாரோ வெடி வைத்தார்கள்.

வெளியே வந்தால் அவளுடைய நண்பர்கள் அட்டையில் செய்த ஒரு தொப்பியோடு நின்றார்கள். அதன்மேல் தீக்குச்சியில் செய்த குட்டிக் குட்டி நாற்காலிகள் ஒட்டியிருந்தன. அதை அவள் தலையில் வைத்தார்கள். ஒரு மரவண்டியில் அவளை ஏற்றி உட்காரவைத்தார்கள். அந்தக் காலத்தில் பட்டம் பெற்றவரை மேளதாளத்தோடு ஊர்வலமாக அழைத்துப்போவார்களாம். இப்போது நண்பர்கள் இப்படி வண்டியில் இழுத்துப்போகிறார்கள். தொப்பியும் அவளும் அசைந்து அசைந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது எனக்குக் கருட சேவைதான் ஞாபகம் வந்தது. கும்பிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வண்டியின் கயிற்றில் ஒரு முனையைப் பனைமரத்தார் பிடித்திருந்தார். மறுமுனையை என்னிடம் நீட்டி ஏதோ கேட்டார்.

"வலது பக்கம் யாரு நிக்கணும், மரியாத எதுன்னு உன்னையே கேக்கிறாருப்பா" என்று வினோதினி மொழிபெயர்த்தாள்.

நான் யோசித்தேன். நிஜமாகவே தெரியவில்லை. பெரிய படிப்புக்காரர், வயதில் மூத்தவர், விருந்தாளியா வீட்டுக்காரரா... இருபத்தெட்டு வருஷத் தொழில் அங்கே கைகொடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் பேசிக்கினே நில்லுங்க" என்று வண்டியிலிருந்து குரல் வந்தது. "எனக்குப் பசி உயிர் போவுது. இழுங்கப்பா!"

இழுத்தோம். கல் பதித்த தெரு. வண்டி குலுங்க, பின்னால் அவள் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது கேட்டது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து கைதட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன். ஆறு வருஷமாக இவள் ஊருக்குத் திரும்பி வந்துவிட மாட்டாளா என்று ஏங்கியவன் நான். அன்றைக்கு என் கையாலேயே கயிற்றைப் பிடித்து, அவளை அந்த ஊருக்குள் இழுத்துக்கொண்டு போனேன். சந்தோஷமாகத்தான் இழுத்தேன்.